டைவ் வாட்ச்சில் இருபது நிமிடம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டைவ் வாட்ச்சைத்தான் வாங்க வேண்டும். ஏன் என்று தெரிய வேண்டியவர்கள் மட்டும் மேலே படியுங்கள்.

கேட்டவள் நஸ்ரீன். ஏற்காட்டில் எஸ்டேட்காரர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருடம் நான் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். இப்போது அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு பிள்ளைகளின் தாய். கடைவீதியில் அவர்களுக்கு மளிகைக் கடை. போன வாரம் எனக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு படம் அனுப்பினாள். ஒன்று, கண்ணாடியைச் சுற்றித் திருகும் வளையம் வைத்த தடித்த டைவ் வாட்ச். மற்றொன்று, ஒரு முகத்துக்குள் மூன்று குட்டி முகம் வைத்த குரோனோகிராஃப். இரண்டும் கையைக் கடிக்காத விலைதான். கூடவே ஒரு குரல் பதிவு: "ராஜாமணியக்கா, நம்ம லேப் வேலைக்கு எதுங்க நல்லா இருக்கும்? அவரு ரெண்டாவதுதான் அழகா இருக்குதுங்கறாரு."

"அழகை உன்ற ஊட்டுக்காரரு கட்டிக்கிட்டு கல்யாணத்துக்குப் போகட்டும் கண்ணு. நீ மொதல்லதை வாங்கு" என்று பதில் அனுப்பினேன். "ஏனுங்க்கா?" என்று கேட்டாள். அந்த ஏனுக்குப் பதில் கட்டைவிரலால் தட்டி முடிகிற சங்கதியா? அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். குரோனோகிராஃப் என்பது கைக்கடிகாரத்துக்குள் ஒரு ஸ்டாப்வாட்ச். பக்கத்தில் உள்ள பொத்தானை அழுத்தினால் ஓடும், மறுபடி அழுத்தினால் நிற்கும், இன்னொன்றை அழுத்தினால் பூஜ்யத்துக்குப் போகும். டைவ் வாட்ச் என்பது கடலுக்குள் முழுகுகிறவர்களுக்குச் செய்தது. அதில் ஓடவிட ஒன்றும் கிடையாது. வெளிவளையத்தைத் திருப்பி, அதிலுள்ள முக்கோணத்தை நிமிட முள்ளுக்கு நேராக வைத்தால் போதும். அதற்குப் பிறகு முள் எந்த எண்ணில் நிற்கிறதோ அத்தனை நிமிடம் ஆகியிருக்கிறது. நான் ஏற்காட்டு ஏரியில் படகில்கூடப் பயந்து பயந்து ஏறுகிறவள். முழுகுகிறவன் வாட்ச் எனக்கு எதற்கு என்று ஊரே சிரித்தது.

என் படிப்பு பெரிய படிப்பு ஒன்றும் இல்லை. நாகலூரில் பள்ளிக்கூடம், சேலத்தில் டிப்ளமோ, ஒரு வருடம் இன்னொருவர் லேபில் சாம்பிள் புட்டி கழுவியது. அவ்வளவுதான். மிச்சமெல்லாம் எங்கள் டாக்டரம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு படித்தது.

டாக்டரம்மா குள்ளமாக இருப்பார். வருடம் முழுக்க ஒரே சாம்பல் நிற ஸ்வெட்டர். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கூட்டுகிற ஆளிலிருந்து எஸ்டேட் முதலாளி வரைக்கும் எல்லாருக்கும் 'ங்க'தான். ரிசல்ட் சீட்டை நீட்டினால் ரிசல்ட்டைப் பார்க்க மாட்டார். "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சீங்க? எத்தனை மணிக்குப் பாத்தீங்க?" என்றுதான் கேட்பார். ஒருமுறை நான் "சுமாரா அரை மணி நேரம்ங்கம்மா" என்றேன். சீட்டை வாங்கி, மேஜையில் குப்புறப் போட்டார்.

"சுமாருங்கறது சந்தையில தக்காளி பொறுக்கறதுக்குங்க ராஜாமணி. இங்க வேண்டாம்."

இதைவிட ஓர் அறை விட்டிருக்கலாம்.

மலையில் காபிப் பழம் பறிக்கும் பருவம் என்றால் பாம்புக்கடியும் வரும். செடி அடியில் சருகு கிடக்கும், பறிக்கிற பெண்கள் காலை வைப்பார்கள். பாதிப் பேர் பாம்பைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். பார்த்தவர்களும் ஆளுக்கொரு நிறம் சொல்வார்கள். விரியன் விஷம் உடம்பில் ஏறினால் ரத்தம் உறையாது. அதைக் கண்டுபிடிக்க எங்கள் மாதிரி சின்ன இடத்தில் பெரிய மெஷின் தேவையில்லை. கடிபட்டவர் கையிலிருந்து இரண்டு மில்லி ரத்தம் எடுத்து, சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் இருபது நிமிடம் நிறுத்திவைக்க வேண்டும். பிறகு ஒரே ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறைந்து கட்டியாக நின்றால் நல்லது. தண்ணீர் மாதிரி ஓடினால் விஷம் ஏறிவிட்டது, முறிவு மருந்து போட வேண்டும். இடையில் ஆட்டிப் பார்க்கக் கூடாது. பதினைந்தாவது நிமிடத்தில் ஆசைப்பட்டுச் சாய்த்தால் அந்த ரத்தம் பொய் சொல்லும்.

டாக்டரம்மா இதில் இன்னொன்றும் கட்டாயம் ஆக்கியிருந்தார். பாம்பு கடிக்காத ஒருவர் ரத்தமும் பக்கத்திலேயே இன்னொரு குழாயில் நிற்க வேண்டும். அந்த ஒருவர் யார்? நான்தான்! "கடிச்சது அவங்களை, குத்து உங்களுக்குங்களாக்கா?" என்று நர்ஸுகள் கிண்டல் செய்வார்கள். எனக்கே அது வெட்டி வேலையாகத்தான் தெரிந்தது. ஆனாலும் செய்தேன். சீட்டு குப்புறப் போவதை யார் பார்த்துக்கொண்டிருப்பது?

போனில் டைமர் இல்லையா என்று நஸ்ரீனின் மாமியார்கூடக் கேட்டாராம். கையுறை போட்ட விரலுக்குப் போன் எழுந்திருக்காது. எழுந்தாலும் பத்தாவது நிமிடத்தில் என் நாத்தனார் கூப்பிடுவாள். லேபில் இருந்த மேஜை டைமர் லேபில்தான் மணி அடிக்கும். குழாயோ வார்டு ஜன்னல் மேடையில் நிற்கும். ஆகவே கையில் ஒன்று வேண்டும் என்று முடிவு செய்து கடைவீதியில் பாயின் வாட்ச் கடைக்குப் போனேன்.

பாய் இந்த இரண்டு வகையையும் கண்ணாடிப் பெட்டி மேல் எடுத்து வைத்தார். நான் பார்த்தது அழகைத்தான். மூன்று குட்டி முகம் வைத்ததைக் கட்டிக்கொண்டு வந்தேன். ஆஸ்பத்திரியே வரிசையில் நின்று என் மணிக்கட்டைப் பார்த்தது. விநாடி கணக்கில் பார்க்கும் டெஸ்டுகளுக்கு அது நன்றாகவே உழைத்தது, பொய் சொல்லக் கூடாது. ஒரு மாதம் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

அப்புறம் ஒரு நாள் காலை, நாகலூரிலிருந்து ஒரு பெரியவர் பாம்பு கடித்து வந்தார். குழாயை வைத்தேன், பொத்தானை அழுத்தினேன். இடையில் வேறொரு வேலைக்காக மேலே இன்னொரு கையுறையை இழுத்துப் போட்டேன். அதன் விளிம்பு சுருண்டு இரண்டு பொத்தானையும் அமுக்கியிருக்கிறது. பார்த்தால் முள் பூஜ்யத்தில் சமர்த்தாக நிற்கிறது! அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா வந்தார்.

"எத்தனை நிமிஷம் ஆச்சுங்க?"

"சுமாரா பதினாலு…" அந்தப் பாழாய்ப்போன வார்த்தை வாயிலிருந்து விழுந்துவிட்டது.

"மறுபடியும் எடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பெரியவர் ஊசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏம்மா, மொத எடுத்த ரத்தம் என்னாச்சு?"

"என்ற தப்புங்கய்யா. நேரத்தை உட்டுட்டேன்."

"அதுக்கென்ன சாமி, எடு. மாட்டுக்கு மேய்ச்சலுக்கு நேரமாவுது, அவ்ளோதான்" என்று கையை நீட்டினார். அவர் ரத்தம் நன்றாக உறைந்தது. அவர் பிழைத்தார், எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை. விஷம் ஏறியிருந்து, நான் தொலைத்த அந்தப் பதினாலு நிமிடத்தில் அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் யார் பதில் சொல்வது?

மறுநாள் பாய் கடையில் போய் நின்றேன். "வாட்ச் கெட்டுப்போச்சுங்களாம்மா?" என்றார்.

"வாட்ச்சு நல்லாத்தான் இருக்குதுங்க பாய். அதைக் கட்டறதுக்கு எனக்குத்தான் யோக்கியதை இல்லை. அந்த வளையம் வெச்சதை எடுங்க."

"அது ஆம்பளைங்க கட்டறதுங்கம்மா. உங்க கைக்குச் சட்டியைக் கவுத்த மாதிரி இருக்கும்."

"கவுந்தாக் கவுந்துட்டுப் போகட்டும்."

வளையத்தைத் திருப்பிப் பார்த்தேன். டிக் டிக் என்று ஒவ்வொரு பல்லாக நகர்ந்தது, நல்ல இறுக்கம். ஒரு பக்கம்தான் திரும்பும். தவறி இடித்து நகர்ந்தாலும் ஆன நேரத்தைக் கூட்டிக் காட்டுமே தவிர, குறைத்துக் காட்டாது. முழுகுகிறவன் சீக்கிரம் மேலே வந்துவிடுவான், அவனுக்கு நல்லது. எங்களுக்கு அது நேர்மாறு. சீக்கிரம் சாய்த்தால்தான் எங்களுக்கு ஆபத்து. அதனால் வளையத்தை வைத்த கையோடு, குழாயில் ஒட்டுகிற பிளாஸ்திரியிலும் ஆரம்பித்த மணியை எழுதிவிடுவது என்று வழக்கம் வைத்துக்கொண்டேன். வாட்ச்சை நம்பலாம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது.

இனி செல்வி கதை. நஸ்ரீன், நீ இங்கிருந்து படித்தால்கூடப் போதும்.

பறிப்புக் காலம், விடாத மழை. காலை பதினொரு மணி இருக்கும். தலைச்சோலைப் பக்கத்து எஸ்டேட் ஜீப் ஒன்று வாசலில் வந்து நின்றது. பழம் பறிக்கிற செல்வியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நாற்பது வயதிருக்கும். இடது கணுக்காலில் இரண்டு பல் குறி, லேசான வீக்கம். என்ன பாம்பு என்று பார்க்கவில்லை, சருகுக்குள் என்னவோ ஓடியது அவ்வளவுதான் தெரியும். கூட அவள் புருஷன் காளியப்பனும் கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டரும். காளியப்பன் கையில் மடித்த பிளாஸ்டிக் கவர் ஒன்று. அதிலிருந்து ஒரு பழைய ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து டாக்டரம்மாவிடம் கொடுத்தான்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் செல்வியை ஒரு பாம்பு கடித்திருக்கிறது. முறிவு மருந்து ஏற்றிய ஐந்தாவது நிமிடம் அதுவே அவளுக்கு ஒத்துக்கொள்ளாமல் தொண்டை அடைத்து, மூச்சு நின்று, செத்துப் பிழைத்திருக்கிறாள். பாம்பு கொல்லாததை மருந்து கொல்லப் பார்த்திருக்கிறது.

டாக்டரம்மா சீட்டை இரண்டுமுறை படித்தார். காளியப்பனைப் பக்கத்தில் கூப்பிட்டார். "வெசம் ஏறியிருந்தா என்ன ஆனாலும் மருந்து போட்டே ஆகோணுங்க. ஏறலைன்னா போடவே கூடாதுங்க. இந்தத் தடவை மருந்து தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது. ரத்தம் என்ன சொல்லுதோ அதைத்தான் செய்யப் போறோம்."

சேலத்துக்கு இறக்கலாம் என்றால் மலைப்பாதை வளைவில் மரம் விழுந்து இரண்டு பக்கமும் பஸ் நிற்கிறது என்று ஜீப் டிரைவர் சொன்னார். ஆக, அவள் உயிர் என் குழாய்க்குள் வந்து நின்றது.

செல்வி கையில் குத்தினேன், ஒரு குழாய். என் கையில் குத்தினார்கள், இன்னொரு குழாய். பிளாஸ்திரியில் மணி எழுதினேன், வளையத்தைத் திருப்பினேன். இருபது நிமிடமும் அசையாமல் நின்றேன். முள் இருபதைத் தொட்டதும் செல்வியின் குழாயைச் சாய்த்தேன்.

ஓடியது.

டாக்டரம்மா ஒரு விநாடி கண்ணை மூடித் திறந்தார். "முறிவு மருந்தைக் கலக்குங்க. மூச்சடைச்சா போடற ஊசியும் தயாரா இருக்கோணும்" என்றார் நர்ஸிடம். காளியப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். செல்வி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே, அதற்காக என் குழாயையும் சாய்த்தேன். அதுவும் ஓடியது! தண்ணீர் மாதிரி.

"அம்மா, நிறுத்துங்க! என்ற ரத்தமும் ஓடுதுங்க!"

கலக்கிக்கொண்டிருந்த நர்ஸ் வாயைப் பிளந்தாள். "அக்கா, உங்களையும் எப்பங்க பாம்பு கடிச்சுது?"

"என்னைக் கடிக்க எந்தப் பாம்புக்குத் தைரியம் இருக்குதுடி? குழாயில என்னமோ கோளாறு!"

திரும்பினால் கதவோரம் வார்டு ஆயா பாப்பாத்தி முகம் வெளுத்து நிற்கிறாள். நான் இரண்டு நாள் லீவு முடித்து அன்று காலைதான் வந்திருந்தேன். அந்த இரண்டு நாளில் ஆஸ்பத்திரிக்கு யாரோ பார்வையிட வருகிறார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"புதுக் குழாயில தூசி இருந்துச்சுங்க்கா… சோப்புத் தூளு போட்டு, பளபளன்னு கழுவி, வெயில்ல காயவெச்சு… நல்லதுன்னு நெனச்சுத்தானுங்க…"

அட கடவுளே! சோப்பு பட்ட கண்ணாடியில் நல்ல ரத்தமே உறையாது. எத்தனை அலசினாலும் ஒரு பிசிறு ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். எனக்கு வந்த கோபத்துக்கு அவளை அங்கேயே கடித்துத் தின்றிருப்பேன். ஆனால் அந்தக் குழாய்களைக் கழுவக் கூடாது என்று முப்பது வருடத்தில் ஒரு நாளாவது நான் அவளிடம் சொல்லியிருக்கிறேனா? இல்லை. பெட்டியைப் பூட்டி வைத்தேனா? அதுவும் இல்லை. தப்பு யாருடையது என்று எனக்கே தெரிந்ததால் வாயை மூடிக்கொண்டு லேபுக்கு ஓடினேன். மேல் தட்டில் பிரிக்காத பெட்டி ஒன்று இருந்தது. பல்லால் பிரித்தேன்.

மறுபடி செல்வி கையில் ஒரு குத்து, என் கையில் ஒரு குத்து. பிளாஸ்திரியில் எழுதினேன். வளையத்தைத் திருப்பி முக்கோணத்தை முள்ளுக்கு நேரே நிறுத்தினேன்.

இன்னும் இருபது நிமிடம் என்றதும் அறை கொதித்தது. "பாத்துட்டே நிக்கறதுக்காங்க இங்க தூக்கியாந்தோம்?" என்று ரைட்டர் கத்தினார். காளியப்பன் எழுந்து வந்து என் இடது மணிக்கட்டைக் கொத்தாகப் பிடித்தான், வாட்ச்சோடு சேர்த்து. "ஏனுங்க, வெளையாடறீங்களா? ஏறியிருந்தா என்ற பொண்டாட்டி இந்நேரம் போயிருவாளேங்க! ஊசியைப் போடுங்க!"

அவன் கட்டைவிரல் வாட்ச்சின் பக்கவாட்டில் அழுந்தியது. அந்த இடத்தில்தான் குரோனோகிராஃபில் பொத்தான்கள் இருக்கும். "கையை உடுங்க காளியப்பன்" என்றேன். "மருந்தைப் போட்டுக் கொல்லறதுக்கு ஒரு நிமிஷம் போதும். எனக்கு இருபது நிமிஷம் குடுங்க." விட்டான். வளையத்தைப் பார்த்தேன், பிளாஸ்திரியைப் பார்த்தேன். இரண்டும் ஒத்துப்போனது. ஒரு பல்கூட நகரவில்லை.

பிறகு ஜன்னல் மேடைக்கு முதுகைக் காட்டிக் காவல் நின்றேன். செல்விதான் முதலில் வாய் திறந்தாள்.

"எத்தனைங்க ஆச்சு?"

"ஏழு."

கொஞ்சம் கழித்து, "இப்பங்க?"

"ஒம்பதுங்க."

"நொம்ப மெதுவா ஓடுதுங்க உங்க வாட்ச்சு."

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவள் தொண்டை வறட்சியாக இருக்கிறது என்றாள். அது பயமா, விஷமா? யாருக்குத் தெரியும்? டாக்டரம்மா நாடியைப் பார்த்தார், கால் வீக்கத்தை அளந்தார், நாடியைப் பார்த்தார். பதினாறாவது நிமிடம் அவர் என் பக்கத்தில் வந்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் கை குழாயை நோக்கி நீண்டது. முப்பத்தொரு வருடத்தில் அந்தக் கை அவசரப்பட்டு நான் பார்த்தது அன்றுதான்.

"சுமாரா ஆயிருக்குமில்லீங்க ராஜாமணி?"

"இல்லீங்கம்மா. பதினாறு. இன்னும் நாலு இருக்குது."

கையை எடுத்து ஸ்வெட்டர் பைக்குள் வைத்துக்கொண்டார். நாங்கள் இரண்டு பேரும் தோளோடு தோள் நின்று அந்த நாலு நிமிடத்தையும் பார்த்தோம்.

இருபது. முதலில் என் குழாய். சாய்த்தேன். கட்டி அப்படியே நின்றது. குழாய் சரி.

"அவங்களுதை நீங்களே சாய்ங்க" என்றார் டாக்டரம்மா.

சாய்த்தேன். அசையவில்லை. முழுசாகக் கவிழ்த்தேன். அசையவில்லை! கறுஞ்சிவப்பாக, கண்ணாடியைக் கவ்விக்கொண்டு, தலைகீழாக நின்றது செல்வியின் ரத்தம்.

"கட்டிருச்சுங்க!" என்று நான் போட்ட சத்தம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும். நர்ஸ் கலக்கிவைத்த மருந்தைத் தள்ளிவைத்தாள். டாக்டரம்மா ஒரு நாளும் இல்லாத திருநாளாக என் முதுகில் ஒன்று வைத்தார். சின்னக் கை, ஆனால் நல்ல அடி. காளியப்பன் யார் காலில் விழுவது என்று தெரியாமல் பாப்பாத்தி காலில் போய் விழுந்தான். அவள் "அய்யோ நானில்லைங்க, நான்தானுங்க கெடுத்ததே!" என்று அழுதுகொண்டே ஓடினாள்.

அதோடு விட்டுவிடவில்லை. விஷம் மெதுவாக ஏறுவதும் உண்டு. அரை மணிக்கொருமுறை, பிறகு மணிக்கொருமுறை என்று ஒரு நாள் முழுக்கக் குழாய் வைத்தோம். என் இரண்டு கையும் சல்லடை ஆனபோது டாக்டரம்மா ஸ்வெட்டர் கையைச் சுருட்டிக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார். "இப்ப என்னுதை எடுங்க" என்றார். ஒவ்வொரு முறையும் கட்டியது. பாம்பு வெறும் பல்லைத்தான் வைத்திருக்கிறது, விஷத்தை வைக்கவில்லை. அந்த மருந்தை மட்டும் போட்டிருந்தால் நாங்கள்தான் அவளைக் கொன்றிருப்போம்.

பாப்பாத்தியை உட்காரவைத்து எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். முப்பது வருடத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியது. அன்றிலிருந்து அந்தக் கண்ணாடிக் குழாய்ப் பெட்டிப் பக்கம் டாக்டரையே விட மாட்டாள்.

குரோனோகிராஃப் மோசம் என்று நான் சொல்லவில்லை நஸ்ரீன். விநாடி பார்க்கிறவர்களுக்கு அது ராஜா. ஆனால் நம் வேலையில் பக்கத்தில் நிற்கிறவர்கள் பதறுவார்கள், பிடித்து இழுப்பார்கள், கெஞ்சுவார்கள். நாமே அவசரப்படுவோம். அப்போது யார் பிடித்தாலும் பூஜ்யத்துக்குத் திரும்பாத ஒன்றுதான் உன் கையில் இருக்க வேண்டும். உன்ற ஊட்டுக்காரர் என்ன சொன்னாலும் சரி.

மறுநாள் பதினொரு மணிக்குக் கடைசிக் குழாயைச் சாய்த்துக் காட்டினேன். செல்வி எழுந்து உட்கார்ந்து, அதை என் கையிலிருந்து வாங்கி, தானே ஒருமுறை கவிழ்த்துப் பார்த்தாள்.

"அப்ப நான் சாவ மாட்டனுங்களா?"

"இப்போதைக்கு மாட்டீங்க."

"அப்பறம் என்னத்துக்குங்க இங்க படுத்துட்டு?" என்று இறங்கிக் கட்டிலடியில் துழாவினாள். ஒரு செருப்புதான் இருந்தது. மற்றது ஜீப்பிலா தோட்டத்திலா, யாருக்கும் தெரியவில்லை. காளியப்பன் தூக்கிக்கொள்ள இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தான். "அக்கட்டால போய்யா, எனக்குக் காலு இருக்குது" என்று அவனைத் தள்ளிவிட்டு, அந்த ஒற்றைச் செருப்பையும் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு வாசல் படியில் இறங்கி பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள்.